பாட்டும் மீன்பாடும்: பாம்பன் பக்கத்துத் தாய் ஒருவருக்கு

அம்மா,

உங்கள் பையன் மேலே படிப்பதா, பாடப் போவதா என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னிடம் வந்துபோனதிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். நீங்களும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதிப் பேச்சில் எழுந்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெயரை எடுத்துவிட்டு மற்ற பெற்றோருக்கும் படிக்கக் கொடுக்கலாமா என்று போனில் கேட்டபோது, "கொடுங்க சார், எங்க தெருவுலயே நாலு வீட்ல இதே கதைதான்" என்றீர்கள். சரி.

அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒன்று காதிலேயே நிற்கிறது. "இன்னிக்கிப் பாடு உண்டா இல்லையான்னு இருவது வருசமா கடலப் பாத்துக்கிட்டே கெடக்கேன். இவனாச்சும் மாசச் சம்பளத்துக்குப் போவான்னு பாத்தா, பாடப் போறேங்குறான்."

உங்கள் பயத்தில் தப்பே இல்லை. மேடைப் பாட்டும் வலையில் விழுகிற மீன்பாடு போலத்தான். பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், தர்கா சந்தனக்கூடு, நடுவில் கல்யாணம் என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடையும் கிடையாது, பந்தலும் கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. போலீஸ் வந்து பாதியில் நிறுத்தினால் கமிட்டிக்காரர்கள் பாதிப் பணத்தைத்தான் நீட்டுவார்கள். தேர்தல் வந்தால் அனுமதி வாங்க நாயாய் அலைய வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது கீபோர்டை விற்றுவிட்டு மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இரண்டு பேரை எனக்கே தெரியும்.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. நம் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். திருவிழா சீசனின் உச்சமும் அதே நாட்கள்தான். உங்கள் வீட்டுக்காரருக்குப் பாடு இல்லாத இரண்டு மாதம்தான் தம்பிக்குப் பாட்டு இருக்கிற இரண்டு மாதம். போன மே மாதம் ஒன்பது இரவு பாடிய பணத்தில்தான் தங்கச்சிக்கு யூனிஃபார்ம் எடுத்ததாகச் சொன்னீர்கள். புலம்பலுக்கு நடுவில் சொன்னதால் அது பெருமை மாதிரி உங்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது. என் காதில் விழுந்தது.

இதை வைத்து அவன் பாட்டுக்கே போகட்டும் என்று சொல்ல வரவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு ஒரு சீசன் காசு கிடைத்துவிட்டால் அதுவே ஆயுசுக்கும் வரும் என்று தோன்றிவிடும். அது வராது.

"பாடியே பொழச்சவன் எவனாச்சும் உண்டா சார்?" என்று கேட்டீர்கள். சினிமாவில் பெரிய பெயர் எடுத்த பாடகர்களைச் சொன்னால், "அவுக வேற, நாம வேற" என்பீர்கள். அதனால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராத ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காக்காரர், பெயர் பெர்ரி கோமோ. சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்.

1912-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் கேனன்ஸ்பர்க் என்ற சின்ன ஆலை ஊரில் பிறந்தார். அப்பா அம்மா இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்கள். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள், இவர் ஏழாவது. அப்பா தகர ஆலைத் தொழிலாளி, ஆனால் பாட்டுப் பைத்தியம். பையன் பத்து வயதிலேயே தினமும் பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரத்தில் சலூனில் எடுபிடி வேலைக்குப் போனான், கத்தி பிடிக்கக் கற்றான், சின்ன வயதிலேயே கைதேர்ந்த நாவிதன் ஆனான். கூடவே பாடினான். 1933-இல் ஊர் ஊராகப் போகும் ஓர் இசைக்குழு கூப்பிட்டது. அங்கே வாரம் 28 டாலர். சலூனில் வாரம் 125 டாலர் வரை வந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற தராசும் இதுதானே. அப்பாவிடம் கேட்டார். போய்ப் பார், போகாவிட்டால் உன்னால் முடியுமா முடியாதா என்று கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும் என்கிற மாதிரி அப்பா சொன்னாராம். ஆலைத் தொழிலாளி, பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றவர் சொன்னது. போனார். அதே வருடம் கல்யாணமும் முடிந்தது.

1936-இல் டெட் வீம்ஸ் என்பவரின் பெரிய குழுவில் சேர்ந்தார், வாரம் 50 டாலர். தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது அங்கே நடந்ததுதான். இவர் சங்கதி மேல் சங்கதி போட்டு, குழைத்துக் குழைத்துப் பாடுவார். குழுவின் நிகழ்ச்சியை ஒலிபரப்பிய வானொலி நிலையம், இந்தப் பையன் பாட்டு இப்படியே போனால் ஒலிபரப்பையே நிறுத்திவிடுவோம் என்றது. வீம்ஸ் திட்டவில்லை. பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார். கேட்ட கோமோவுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. வித்தையெல்லாம் வேண்டாம், இருக்கிற குரலில் மனசிலிருந்து பாடு என்றார் வீம்ஸ். பின்னால் உலகமே கேட்ட அந்த இதமான, அலட்டல் இல்லாத பாட்டு இந்த அடியில் பிறந்ததுதான்.

தம்பியின் வீடியோவை உங்கள் போனில் பார்த்தேன். நல்ல குரல். மகரக்கட்டு உடைந்து இப்போதுதான் குரல் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. ஆனால் எல்லாப் பாட்டையும் அதைப் பாடியவர் மாதிரியே பாடுகிறான், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவனும் மூச்சு வாங்குகிறான். மேடையில் கைதட்டு வாங்க அது போதும். பத்து வருடம் நிற்கப் போதாது. வாரம் ஒரு பாட்டைச் சுருதிப்பெட்டி மட்டும் வைத்து, எக்கோ எதுவும் இல்லாமல் போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை என்பது முக்கியம். பாடிய சூட்டில் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கோமோ கதைக்கு வருகிறேன். 1942-இல் யுத்த காலத்தில் வீம்ஸ் வணிகக் கப்பல் பணிக்குப் போனதால் குழு கலைந்தது. கோமோவுக்கு வயது முப்பது. மனைவி, சின்னக் குழந்தை. ஒன்பது வருடம் ஊர் ஊராக அலைந்தது போதும் என்று கேனன்ஸ்பர்க் திரும்பி, மறுபடி சலூன் போடக் கடை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நியூயார்க் வானொலியில் பாட அழைப்பு வந்தது. இனி அலைய வேண்டாம், ஒரே ஊரில் இருக்கலாம் என்றதால் ஒத்துக்கொண்டார். 1943-இல் ஆர்.சி.ஏ. விக்டர் ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம். 1987 வரை, 44 வருடம் அங்கேயேதான். 1945-இல் அவருடைய ஒரு பாட்டு பத்து வாரம் முதலிடத்தில் நின்றது. 1948-இலிருந்து தொலைக்காட்சி. வாராவாரம் வீட்டில் போடுகிற ஸ்வெட்டரோடு வந்து நின்று, பாடி, வந்தவர்களோடு நாலு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டுப் போவார். அறுபதுகள் வரைக்கும் இப்படி. 2001-இல், 89-ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னால் இறந்தார்.

நான் ஏன் இவரைப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? திரும்பிப் போக ஒரு கடை இருந்தது அவருக்கு. குழு கலைந்தபோது அவர் யார் காலிலும் விழவில்லை, கத்தரிக்கோலை எடுக்கத் தயாரானார். பசியில் கையெழுத்துப் போட வேண்டிய நிலைமை இல்லாததால்தான் "எனக்கு இப்படி இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்தக் குரலில் தெரிகிற நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சங்கீத விமரிசகர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ.

நம் ஊர் மெல்லிசைக்காரர்களைப் பார்த்தாலும் இதே தடம் தெரியும். ஏ.எம். ராஜா பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். பி.பி. ஸ்ரீநிவாஸ் பி.காம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பொறியியல் படிக்க அனந்தப்பூர் போய், டைபாய்டு வந்து விட்டுவிட்டு, சென்னையில் ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியியல் படிப்பில் சேர்ந்தவர். முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்காத அவர் மெல்லிசைக் குழு வைத்துப் போட்டி மேடைகளில் பாடிக்கொண்டே படித்தார். 1966-இல் முதல் சினிமாப் பாட்டு. இந்த மூன்று பேர் வீட்டிலும் "படிப்பா பாட்டா" என்று ஒரு ராத்திரியாவது சண்டை நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ராமநாதபுரத்துல என்ன இருக்கு, தண்ணியே இல்ல" என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குருவான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், பாட்டுக்கு ராம்நாட் கிருஷ்ணன், மிருதங்கத்துக்கு முருகபூபதி எல்லாரும் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவர்கள். நாகூர் ஹனிபா பிறந்தது ராமநாதபுரத்தில்தான், 1925-இல். தர்கா, கட்சி மேடை, கல்யாண வீடு என்று ஆயுசு முழுக்கப் பாடினார். உங்கள் மாமனார் கரைவலை இழுத்தவர் என்றீர்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டில் அவருக்குத் தெரிந்த ஒன்றையாவது தம்பி பதிவு செய்து வைத்திருக்கிறானா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அடுத்தவர் பாட்டை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது அடுத்தவர் சொத்து. 2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.-க்கே வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். தாத்தா வாயிலிருந்து வருகிற பாட்டை வைத்துத் தம்பி ஏதாவது புதிதாகச் செய்தால், அதற்கு யாரும் நோட்டீஸ் விட முடியாது.

இனி, அடுத்து என்ன செய்வது.

பிளஸ் டூ முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு முந்தின ராத்திரி கச்சேரி வேண்டாம், வெள்ளி, சனி மட்டும் போதும். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். தம்பிக்கு இப்போதே பிடிக்காது. பரவாயில்லை, என் பெயரைச் சொல்லுங்கள்.

முடித்த பிறகு எனக்கு முதலில் தோன்றுவது ஒலிப்பதிவுப் படிப்பு. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. தம்பி கணிதம், இயற்பியல் குரூப்பில் இருப்பதால் விண்ணப்பிக்கலாம். இடம் கொஞ்சம்தான், தேர்வு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் அளவுக்குப் பயமுறுத்தாது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கச்சேரியில் அவன் பாட்டு முடிந்ததும் சவுண்ட் மிக்சர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான் என்று நீங்களே சொன்னீர்கள். அதை வேலை செய்யாமல் ஊர் சுற்றுகிற கணக்கில் சொன்னீர்கள். நான் வேறு கணக்கில் எழுதிக்கொண்டேன். மைக் பிடிக்கிறவனுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. ஒலிப்பதிவும் மிக்சிங்கும் தெரிந்தவனுக்கு டப்பிங், விளம்பரம், யூடியூப் சேனல், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எந்த மாதமும் ஏதாவது வரும். கோமோவுக்குக் கத்தரிக்கோல் மாதிரி இவனுக்கு இது.

அது கிடைக்காவிட்டால் ராமேஸ்வரத்தில் கலாம் பெயரில் இருக்கிற அரசுக் கலைக் கல்லூரி, அல்லது ராமநாதபுரம் சேதுபதி கல்லூரி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். பி.காம். எடுத்தால் நல்லது என்பேன். தன் குழுவுக்கு வரவு செலவு எழுதத் தெரிந்த பாடகனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இசையையே படிக்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, குரலிசை மூன்று வருடச் சான்றிதழ். மதுரையில் அரசு இசைக் கல்லூரி. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே சொல்லிக்கொடுப்பது கர்நாடக சங்கீதம். சரளி வரிசையிலிருந்து தொடங்கப் பொறுமை இருக்கிறதா என்று அவனையே கேளுங்கள். சர்டிஃபிகேட் வாங்கியதும் இசை ஆசிரியர் வேலை காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்தக் காலியிடங்கள் எப்போதாவதுதான் வரும்.

காசு செலவில்லாத ஒரு வேலை பாம்பனிலேயே இருக்கிறது. மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி. அங்கே போய் உதவிக்கு நிற்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். காற்று நிலவரம் வாசிக்கட்டும், பாட்டுக்கு நடுவில் நாலு வார்த்தை பேசட்டும். கோமோவும் சரி, எஸ்.பி.பி.-யும் சரி, பாட்டுக்கு நடுவில் பேசத் தெரிந்தவர்கள். அதனால்தான் தொலைக்காட்சியிலும் அத்தனை வருடம் நின்றார்கள். தம்பி பாடும்போது ராஜா மாதிரி நிற்கிறான், பாட்டு முடிந்ததும் மைக்கை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறான். பிறகு மதுரை வானொலியில் மெல்லிசைக்கான குரல் தேர்வுக்கு எழுதிப் போடலாம். பி, பி-ஹை, ஏ என்று தரம் கொடுப்பார்கள். பெரிய வருமானம் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் முகத்தைப் பார்க்காமல், யார் பிள்ளை என்று கேட்காமல், குரலை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு அது.

உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. "சேனல்ல சான்ஸ் வாங்கித் தாரேன், ஆல்பம் போட்டுத் தாரேன், அம்பதாயிரம் கட்டுங்க" என்று ஒருத்தர் வருவார். கட்டாயம் வருவார். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன் வீட்டில் அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். ஊர், பெயர் வேண்டாம். ஒரு நாள் ஸ்டுடியோவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். நான் முதலிலேயே கடுமையாகத் தடுத்திருக்க வேண்டும். "யோசிச்சுச் செய்யுங்க" என்று மென்று முழுங்கிவிட்டேன். இப்போது மென்று முழுங்கவில்லை. பாடுகிறவனுக்குத்தான் காசு தர வேண்டும், பாடுகிறவன் காசு தரக் கூடாது. நிகழ்ச்சிக்காரர்கள் எதில் கையெழுத்துக் கேட்டாலும் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், என்னிடம் காட்டுங்கள். பதினெட்டு ஆகாத பையன் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று தெரிந்துதான் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள்.

தொண்டையைப் பற்றி: விடிய விடிய வேனில் ஜன்னலோரம் வாடைக்காற்றில் தூங்கிக்கொண்டு வருகிறான், அதுதான் காலையில் கரகரப்பு. ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று இழுக்காமல் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கச்சேரி முடிந்து குடிக்கிற கூட்டத்தோடு அவன் எந்த வேனில் ஏறுகிறான் என்பதையும் கேட்டு வையுங்கள். குழுத் தலைவரின் நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். "அவருக்கு இதுல்லாம் புரியாது சார்" என்றீர்கள். கொண்டல் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் பார்த்துக் கடலுக்குப் போகிறவர், பாடு இல்லாத மாதத்துக்குப் பாடு இருக்கிற மாதத்தில் எடுத்து வைக்கிறவர். சீசன் தொழில் என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும். தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் அவர்தான், நான் இல்லை. கச்சேரிப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அஞ்சலகச் சேமிப்பில் போட வேண்டும் என்ற ஏற்பாடு அப்பா வாயிலிருந்து வரட்டும். அவர் இதுவரை ஒரு கச்சேரியையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதில்லை என்று தம்பி சொன்னான். நீங்கள் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னது அது.

ஏப்ரல் 15-க்குப் பிறகு படகு கரையில்தான் நிற்கும். அந்த வாரமே ஒரு நாள் மூன்று பேரும் வாருங்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டமாக இருக்கும், செவ்வாய் சாயங்காலம் வாருங்கள். தம்பி, தாத்தாவின் அம்பாப் பாட்டுப் பதிவைக் கொண்டுவரட்டும். தரமணி விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றிதழ் நகல்களும் இரண்டு போட்டோவும் கூடவே இருந்தால் அன்றைக்கே எழுதத் தொடங்கிவிடலாம்.